சுவிட்ச் அருகே அக்கா

அந்த டிரில் மிஷினை மாமா விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். திண்டிவனத்தில் அவர் நடத்திய பஸ் பட்டறையில் நானும் வேலை செய்தேன். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைப் பொருத்தி, அதன் வாயுவில் ஓட்டினார்கள். அந்த அடுப்பைத் தாங்கும் இரும்புச் சட்டங்களுக்குக் கையால் சுற்றித் துளை போட்டே எங்கள் தோள்கள் இற்றுப்போயிருந்தன. கோணியைப் பிரித்து மாமா மிஷினை வெளியே எடுத்தபோது, அது பழைய சரக்கு என்பதுகூட எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இணைப்புக் கொடுக்க வயர்மேன் வந்தார். அது எப்படி ஓடும், எவ்வளவு தடித்த இரும்பைத் துளைக்கும் என்று நாங்கள் கேட்டோம். சாப்பாடு கொண்டுவந்திருந்த அக்கா மட்டும், "இத்த எப்பிடிங்க நிறுத்தறது?" என்று கேட்டாள். வயர்மேன் சுவரிலிருந்த மெயின் சுவிட்சைக் காட்டினார். "இந்தப் புடிய கீழ இழுத்துட்டா அவ்ளோதாம்மா. யாரையாச்சும் கரண்டு புடிச்சிக்கினா ஆளத் தொடக் கூடாது. மொதல்ல இதத்தான் இழுக்கணும்." அக்கா அதை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். மாமா சிரித்தார்.

ஐப்பசி மழையில் பட்டறையின் மண்தரை சொதசொதவென்று கிடந்த ஒரு மத்தியானம், மாமா வெறுங்காலோடு நின்று துளை போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் உடம்பு விறைத்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மிஷினைப் பிடித்த கை விடவில்லை. நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினேன். "தம்பி, தொடாத" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. நான் திரும்புவதற்குள் அக்கா சுவிட்சை எட்டிவிட்டாள். பிடி இறங்கியது. மாமா சரிந்து விழுந்தார். வாசற்படியில் கேப்பைக் களியும் மல்லாட்டைத் துவையலும் சிதறிக் கிடந்தன.

அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏங்க, என்னப் பாருங்க, என்னப் பாருங்க" என்று அக்கா மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெகு நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்து, "களி கொட்டிப்போச்சா?" என்றார். அப்போதுதான் அவள் அழுதாள்.

மிஷினுக்குள் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் தேய்ந்து, கம்பி இரும்புக் கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. வயர்மேன் வந்து ஒயரை மாற்றினார். பட்டறைக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, ஒரு செப்புத் தகட்டைப் புதைத்து, மிஷின் கூட்டிலிருந்து அதற்கு ஒரு கம்பியை இழுத்தார். தப்பிவரும் கரண்டு இனி ஆள்மேல் பாயாமல் அந்த வழியாக மண்ணுக்குப் போய்விடும் என்றார். குழி காயக் கூடாது, காய்ந்த பலகைமேல் நின்றுதான் வேலை செய்ய வேண்டும், துளை போடும் அலகை மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்றும் சொன்னார். இன்று பிளாஸ்டிக் கூட்டோடு பொம்மைபோல மிஷின்கள் வருகின்றன. ஆபத்தென்றால் தானே கரண்டை நிறுத்திவிடும் சுவிட்சும் வந்துவிட்டது. அன்று செடிக்கு ஊற்றுவதுபோல அக்கா தினமும் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

மாமாவின் உள்ளங்கையில் கரண்டு சுட்ட புண் ஆறியது. ஆனால் அவர் மிஷின் பக்கம் போகவில்லை. "அது சத்தம் பேஜாரா இருக்குது" என்று பழையபடி கையால் சுற்ற ஆரம்பித்தார். நான் எடுத்தாலும், "வேணாம் மச்சான், வச்சிடு" என்பார். துளை போடாத சட்டங்கள் குவிந்தன. பஸ் முதலாளியின் ஆள் வந்து முணுமுணுத்துவிட்டுப் போனான்.

ஒரு காலையில் அக்கா வந்து பலகையைத் துடைத்துப் போட்டாள். நேரே சுவரருகே போய்ச் சுவிட்சின் பிடிமேல் கையை வைத்துக்கொண்டாள். "நான் இங்கதான் நிக்கறேன். நீங்க போடுங்க." மாமா அவளையே பார்த்தார். பிறகு பலகைமேல் ஏறி மிஷினை எடுத்தார். முதல் துளை கோணலாகத்தான் விழுந்தது. அடுத்தது நேராக வந்தது.

அதன்பின் தினமும் வந்து நின்றாள். மாமாவின் கை பழையபடி உறுதியான பிறகு ஒருநாள் அவர், "போதும், நீ வூட்டுக்குப் போ. இப்பல்லாம் பயம் இல்ல" என்றார்.

"உங்களுக்குப் போயிடுச்சு. எனக்கு இன்னும் போவல" என்றாள் அக்கா.

மாமா மூலையிலிருந்த கரி மூட்டை ஒன்றை இழுத்துவந்து சுவிட்சுக்குக் கீழே போட்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து அதன்மேல் விரித்து, அவள் உட்கார இடம் செய்துகொடுத்தார்.