எறிபந்தாடிய எர்னா அம்மாள்

திங்கட்கிழமை காலை சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு பர்மியப் பெண்மணி டோ மியா மழையோடு படியேறி வந்து, எர்னா அம்மாள் விடியலில் போய்விட்டார் என்றார். காய்ச்சல் இறங்கிவிட்டது என்றல்லவா முந்தின நாள் கேள்விப்பட்டிருந்தோம்.

எங்கள் பேட்டையான தாமுவேயில் பலருக்கு அவர் துறைமுகப் பட்டறைச் சபாபதி அண்ணனின் ஜெர்மன் மனைவி, அவ்வளவுதான். அண்ணன் இயந்திர வேலை கற்கப் போன இடத்தில் போர் மூண்டு, அங்கேயே அகப்பட்டுக்கொண்டவர். திரும்பும்போது எர்னாவை மணந்து அழைத்து வந்தார். வெள்ளைக்காரர்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நம்மவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எதிரி நாட்டுப் பெண் என்று பேச்சு கிளம்பினால் வேலை போய்விடும் என்ற பயம் அண்ணனுக்கு. மதிலைத் தாண்டாதே என்று சொல்லிவிட்டார்.

அந்த மதிலுக்குள் போய்வந்த அண்டை வீட்டுப் பெண்களான எங்களுக்கு அவர் தம் ஊர்ச் சங்கத்தின் கதையைச் சொன்னார். கால்பந்து போன்ற ஆட்டம்தான், ஆனால் பந்தைக் கையால் எறிய வேண்டும். ஆண்கள் போர்முனையில் இருந்தபோது ஆலைப் பெண்கள் தொடங்கிய சங்கம் அது. எர்னா அதன் முதல் கோல்காப்பாளர். “ஆம்பளைங்க திரும்பி வந்ததும் மைதானம் வேணும்னாங்க. நாங்க நடுவுல போய் உக்காந்துட்டோம்,” என்பார். கடைசியில் பாதி நாள் அவர்களுக்கு, பாதி நாள் இவர்களுக்கு என்று முடிவானதாம்.

கொல்லைச் சுவரில் கரியால் கோல் வரைந்து எங்களையும் ஆட வைத்தார். நான், டோ மியா, டோ மியாவின் மகள் மா கின். புடவையையும் லுங்கியையும் இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினோம். ஒருநாள் அண்ணன் சீக்கிரம் வந்து பார்த்துவிட்டார். அவர் திட்டவில்லை. மறுநாள் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தான். அவன் போனதும் எர்னா புதுக் கோல் வரைந்தார்.

சங்கத்தின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அண்ணன். விழா அடுத்த வருஷம் இல்லையே. ஒருநாள் காலை எர்னா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, சிறு பெட்டியோடு கப்பல் அலுவலகத்துக்குப் போனார். கணவர் சம்மதம் இல்லாமல் சீட்டுத் தர முடியாது என்று குமாஸ்தா அவருக்கே ஆள் அனுப்பினான். நாங்கள் பெஞ்சில் காத்திருந்தோம். ஆற்றில் கப்பல் நின்றது தெரிந்தது.

“நான் திரும்பி வருவேன், கமலம்,” என்றார் எர்னா. “அதை மட்டும் ஒருத்தரும் கேக்கல.”

அண்ணன் வந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். அதன்பிறகு எர்னா எங்களுடன் ஆடினார், சிரித்தார். சங்கத்தைப் பற்றிப் பேசவில்லை.

கல்லறையில் மண் போட்டபின் அண்ணன் என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, அந்தச் சங்கத்துல அவ என்னவா இருந்தா?”

“கோல் காத்தாங்க, அண்ணே. முதல் ஆளே அவங்கதான்.”

“எங்கிட்ட சொன்னதே இல்ல.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க.”

அவர் குடையை மடக்கிவிட்டு மழையிலேயே நின்றார்.

எர்னாவை அறிந்த தோழிகளே, அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. என் இடது கைச் சுண்டுவிரல் மட்டும் நிமிராது. போன மழைக்காலத்தில் அவர் எறிந்த பந்தைத் தடுக்கப் போய் மடங்கியது. வைத்தியரிடம் காட்டி நிமிர்த்திக்கொள் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் மாட்டேன். அந்தப் பந்து சுவரைத் தொடவில்லை.