பாப்பா தூங்குகிறாள்

வீட்டுக்கு ஒரே பிள்ளை. நர்சிங் படித்து முடித்து, சீருடைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்த பிறகும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். அந்தப் பாப்பாவை ஒரே வாரத்தில் இரண்டு இடங்களிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

ஒன்று, நடந்தே போய்விடக்கூடிய ஒரு கண் ஆஸ்பத்திரி. காலையில் போனால் சாயங்காலம் வீடு. சம்பளத்தைக் கேட்டால்தான் சிரிப்பு வரும். இன்னொன்று, பஸ் ஏறிப் போக வேண்டிய பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஷிப்ட் மாறி மாறி வரும். ஆனால் நிரந்தரமாக நைட் பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு படி உண்டு. அதைச் சேர்த்துப் பார்த்தால் கண் ஆஸ்பத்திரிச் சம்பளம் கிட்டத்தில் நிற்க முடியாது.

கூடப் படித்த பெண்கள் பஸ் வசதி, ஹாஸ்டல், கல்யாணம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கணக்கின் நடுவில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அப்பா மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். லாரி இரைச்சலுக்கு மேல் எழும்புகிற குரல். வீட்டில் சாதாரணமாகத் துண்டு கேட்டாலே தெருமுனையில் ஆள் திரும்பிப் பார்ப்பான். "துண்டை நாங்க எடுத்துட்டு வரணுமா, இல்ல உங்க வீட்டுலயே ஆள் இருக்கா?" என்று எதிர் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கேட்பார். அவள் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. காலும் கையும் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டன. பேச்சு மட்டும் திரும்பவில்லை. எல்லாம் புரிந்தது, என்ன சொல்ல வேண்டும் என்றும் தெரிந்தது. சொல் உதடு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த அம்மாள் முதலில் கிழமைகளைச் சொல்லச் சொன்னார், படங்களைக் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஐயா என்ன தொழில் பார்த்தார் என்று விசாரித்தார். தெரிந்ததும், கையிலிருந்த படங்களை ஓரமாக வைத்துவிட்டு, "எங்க ஐயா, இந்த நாற்காலியை ஏலம் விடுங்க பார்ப்போம்" என்றார். அப்பா நாற்காலியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "ஒரு தரம்" என்று வந்தது. பழைய குரல் அப்படியே. அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்து நிலையில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

வாயில் ஊறிப்போன சொற்கள் முதலில் வரும், அவற்றைப் பிடித்துக்கொண்டு மற்றவை வரும் என்றார் பயிற்சி அம்மாள். முதல் ஒரு வருடம்தான் முக்கியம் என்றும் சொன்னார். நாள் முழுக்கப் பேசட்டும், தப்பாகப் பேசட்டும், கத்தட்டும். வேண்டியதைக் கை காட்டினால் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், வாயால் கேட்கட்டும்.

அதனால்தான் அவள் நைட் என்று முடிவு செய்தாள். பயிற்சி அம்மாளை விடாமல் வரவழைக்கப் பணம் வேண்டும். பகலில் அப்பாவோடு உட்கார்ந்து பேசப் பழக்க ஒரு ஆள் வேண்டும். நைட் வேலை இரண்டையும் கொடுத்தது. இவ்வளவு அழகாகப் பொருந்துகிற ஒரு ஏற்பாட்டில் என்ன தப்பு இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அத்தை மட்டும் ராத்திரி வேலை உடம்புக்கு ஆகாது, முகம் வற்றிப்போகும், பிறகு மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்று ஒரு பாட்டம் பேசிப் பார்த்தாள். மாப்பிள்ளைக்குப் பகலிலேயே முகத்தைக் காட்டிவிடலாம் என்று இவள் சொன்னதும், அப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

பெரிய ஆஸ்பத்திரியின் மேட்ரன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளைப் பார்த்தார். நைட் வேண்டாம் என்று அழுகிறவர்களைத்தான் எனக்குப் பழக்கம், கேட்டு வாங்குகிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். ஒரு வருடத்துக்கு மாற்றித் தரமாட்டோம் என்பதையும் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

முதல் சில நாட்கள் நினைத்தபடியே நடந்தன. காலையில் வந்து குளித்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவின் எதிரில் உட்காருவாள். வீட்டிலுள்ள சாமான்களை ஒவ்வொன்றாக ஏலத்துக்கு விட்டார்கள். அம்மாவின் பழைய குக்கரை அப்பா கேட்பாரில்லாமல் தள்ளிவிட்டதில் அம்மாவுக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் ராத்திரி முழுக்க விழித்திருந்த உடம்பு பகலில் சும்மா இருக்காது. பேச்சின் நடுவிலேயே அவளுக்குத் தலை தொங்கும். "போய்ப் படுடி, அப்பா எங்க ஓடிப் போறாரு" என்பாள் அம்மா. அவளும் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்று போய்ப் படுப்பாள். எழுந்திருக்கும்போது பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். வார லீவும் அலுப்பிலேயே தூங்கிக் கழியும்.

வீடு இரண்டே அறை. நடுவில் ஒரு மரக்கதவு, அதுவும் சரியாகச் சாத்தாது. பெண் தூங்க வேண்டுமே என்று அம்மா ஒவ்வொன்றாக அடக்கினாள். காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றிவிட்டாள். மிக்ஸியை அவள் வேலைக்குப் போன பிறகுதான் போடுவது என்று வைத்துக்கொண்டாள். ரேடியோவின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். பால்காரர் பாத்திரத்தைத் தட்டினால் விரலை உதட்டில் வைத்து உள்ளே காட்டுவாள். "கலெக்டர் தூங்குறாங்களா?" என்று கிசுகிசுத்துவிட்டு அவர் நுனிக்காலில் நடந்து போவார். பயிற்சி அம்மாளிடமும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். வாரம் தவறாமல் பணம் கொடுத்து நடந்த வகுப்பு, இரண்டு பேர் ரகசியம் பேசுவதுபோல் நடந்தது. அந்த அம்மாள் ஒருமுறை இரண்டுமுறை ஆட்சேபித்துப் பார்த்தார். சம்பாதிக்கிற பெண் தூங்க வேண்டாமா என்று அம்மா கேட்டதும் விட்டுவிட்டார்.

இது எதுவும் பாப்பாவுக்குத் தெரியாது. ஒருநாள் எழுந்து வந்து, நம் வீட்டில்தான் பகலில்கூட இப்படி நிம்மதியாகத் தூங்க முடிகிறது, மற்ற பிள்ளைகளெல்லாம் புலம்புகிறார்கள் என்று சொன்னாள். அம்மாவுக்கு அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷம்.

வார்டில் அவளுக்கு நல்ல பெயர். பக்கவாதம் வந்தவர்களின் படுக்கையருகே நின்று, தண்ணீர் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, "வாயைத் திறந்து கேளுங்கய்யா, அப்பத்தான் தருவேன்" என்பாள். பாவம் பார்த்து உடனே எடுத்துக் கொடுக்கிற சொந்தக்காரர்களைத் திட்டுவாள். நீங்கள் செய்கிறது உதவியில்லை என்பாள்.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு மத்தியானம் தொண்டை வறண்டு விழித்துக்கொண்டாள். தண்ணீர் எடுக்கக் கதவை லேசாகத் திறந்தவள் அப்படியே நின்றாள். அப்பா கட்டில் சட்டத்தை நகத்தால் மெதுவாகத் தட்டினார். அம்மா எழுந்து ஃபேனைக் குறைத்தாள். வேறு மாதிரி தட்டினார். போர்வை வந்தது. ஒரு சொல் இல்லை. இருவரும் வருடக்கணக்காகச் செய்துவந்ததுபோல் அது நடந்தது. வாசலில் அத்தை வந்து, "என்னண்ணே, எப்படி இருக்கே?" என்று வழக்கமான குரலில் ஆரம்பித்தாள். அப்பா பதறிப்போய்க் கையை ஆட்டினார். உதட்டில் விரலை வைத்து, பாப்பாவின் கதவைக் காட்டினார். காட்டிய பக்கம் திரும்பியவர் அவள் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டார். எழுப்பிவிட்டோமே என்று முகம் சுருங்கியது.

அவள் அம்மாவை அடுப்படிக்குள் கூப்பிட்டாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"அப்பா பேசாம."

அம்மா யோசித்தாள். "நீ வேலைக்குப் போனதிலேர்ந்தே குறைஞ்சுதான் போச்சு. நாங்க யாரும் பேசாதீங்கன்னு சொல்லலடி. அவரா நிறுத்திக்கிட்டாரு. பாப்பா தூங்குறாளேன்னு."

"நீங்களாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ தூங்குவியா?"

அன்று சாயங்காலமே போய் மேட்ரனிடம் பகல் ஷிப்ட் கேட்டாள். மேட்ரன் கெட்டவர் இல்லை. ஆனால் வருடம் முடிய மாதங்கள் இருந்தன, நைட்டுக்கு வேறு ஆளும் இல்லை. கண் ஆஸ்பத்திரியில் விசாரித்தாள். அந்த இடத்தில் வேறொரு பெண் சேர்ந்து, நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விடலாம் என்றால், மருந்து மாத்திரை, வாடகை எல்லாம் அதற்குள் அவள் சம்பளத்தில் சாய்ந்து நின்றன. கடைசியில், சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் செய்கிற ஒரு சின்ன சென்டரில் பகல் வேலை கிடைத்தது. கண் ஆஸ்பத்திரியில் சொன்னதைவிடக் குறைந்த சம்பளம். பேசாமல் வாங்கிக்கொண்டாள். ஆனால் பயிற்சி அம்மாள் சொன்ன அந்த முதல் வருடம் அதற்குள் போய்விட்டது.

அந்த அம்மாளையே உட்கார வைத்து, மறைக்காமல் சொல்லச் சொன்னாள். இன்னும் வரும் என்றார் அவர், வராமல் போகாது. ஆனால் அப்போது ஓடி வந்திருக்கும், இனி நாம்தான் இழுத்து வர வேண்டும். அதுவும் எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாது.

இப்போது அந்த வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. ரேடியோ பாடுகிறது, மிக்ஸி அலறுகிறது, அத்தை வந்தால் கூரை அதிர்கிறது. அப்பாதான் தணிந்த குரலிலேயே நின்றுவிட்டார். வருகிற சில சொற்களும் காதை வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும். உறவுக்காரர்கள் அவளைத் தேற்றுகிறார்கள். குடும்பத்துக்காகத்தானே வேலைக்குப் போனாய், தூங்காமல் எப்படி வேலை பார்ப்பாய் என்கிறார்கள். அவள் மறுத்துப் பேசுவதில்லை. தேற்றுகிறவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்புகிறாள்.

வேலை முடிந்து சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அப்பாவின் கட்டிலுக்கு எதிரில் போய் உட்காருகிறாள். இன்றைக்கு மிஷின் ஒன்று பழுதான கதையைச் சொல்கிறாள். வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி, அப்புறம் என்ன ஆகியிருக்கும் சொல்லுங்கள் என்று கேட்கிறாள். அப்பா அவளுடைய கண்களுக்குக் கீழே கறுத்திருப்பதைப் பார்க்கிறார். உதடு அசைகிறது. அவள் குனிந்து காதைக் கொடுக்கிறாள்.

"தூங்கு" என்கிறார்.

அந்த ஒரு வருடத்தில் அவருக்குப் புதிதாக வந்த சொல் அதுதான். திக்கலும் தடுமாற்றமும் இல்லாமல் சுத்தமாக வருகிறது.

"எனக்குத் தூக்கம் வரலப்பா. நீங்க பேசுங்க."

அப்பா தலையணையைத் தட்டிச் சரிசெய்து அவள் பக்கம் நகர்த்துகிறார். "தூங்கு."

வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. மாட்டேன் என்றால் அவர் முகம் வாடும் என்று அவளுக்குத் தெரியும். கட்டிலின் ஓரத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். அப்பா எட்டி ரேடியோவை நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு காவல் இருக்கிறார்.