போனை வைத்த பிறகு பதிவானது

மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். அன்று அவள் வந்தாள். கையில் டிபன் பாக்ஸ், திறக்காமல்.

"சார், ஒரு போன் காலை அழிக்கணும்."

நாளிதழில் பல வருடம் செய்தி திருத்தியவன் நான். திருச்சிப் பதிப்பை நிறுத்திய பிறகு, கண்டோன்மென்டில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கால் சென்டரில் வேலை கிடைத்தது. பாலிசி விற்பவர்கள் வாடிக்கையாளரிடம் பேசுவதெல்லாம் பதிவாகும். அதைக் கேட்டு, சொல்ல வேண்டிய நிபந்தனைகளைச் சொன்னார்களா என்று குறிக்க வேண்டும். அவள் விற்பவர்களில் ஒருத்தி. காட்டூரிலிருந்து வருகிறவள். பயிற்சிக் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. டீம் லீடர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவளுக்கு முன்னால் இரண்டு பேர் அப்படிப் போயிருந்தார்கள்.

"காலையில திருவெள்ளறைக்காரம்மா ஒருத்தங்ககிட்டப் பேசினேன் சார். அவங்க வெச்சிட்டாங்க. நான் கட் பண்ணாம பக்கத்து சீட்டு அக்காகிட்ட பேசிட்டிருந்திருக்கேன்."

ஹெட்போனை மாட்டினேன். விற்பனைப் பேச்சு ஒழுங்காக இருந்தது. அந்த அம்மா போனை வைத்த சத்தம். அதன் பிறகு இவள் குரல், டீம் லீடரின் குரலைப் போல மாறி:

"ஜி... எஸ் ஜி... முடிச்சிடலாம் ஜி... ஹெட் ஆபீஸ் போன் வந்தா எந்திரிச்சு நின்னுடுறாருக்கா. போனுக்கு என்ன கண்ணா இருக்கு? ஒரு நாள் பாருங்க, அப்படியே விழுந்து கும்பிடப் போறாரு."

"மெதுவாடி. விழுந்தா டை அழுக்காயிடும்." இது பக்கத்து சீட்டு. பிறகு இருவர் சிரிப்பு.

சொன்னது உண்மை. அவர் எழுந்துதான் நிற்பார். இடது கையால் டையைப் பிடித்துக்கொள்வார். குரலைக்கூடச் சரியாகப் பிடித்திருந்தாள்.

"அழிக்க முடியாதும்மா" என்றேன்.

"அட்மின் பாஸ்வேர்டு இருந்தா?"

"இருந்தாலும் முடியாது."

எனக்குப் பயிற்சியில் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். பதிவு முடிந்ததும் அந்தக் கோப்பு வெளியே வாடகைக்கு எடுத்த சேமிப்பகத்துக்குப் போய்விடும். போகும்போதே அதற்கு ஒரு தேதி குத்தப்படும். ஏழு வருடம் தள்ளிய தேதி. அதுவரை நிறுவனத்தின் தலைவரே வந்தாலும் அழிக்கவோ மாற்றவோ முடியாது. தேதியைத் தள்ளிப் போடலாம், முன்னால் இழுக்க முடியாது.

"பொய் சொல்லி வித்தவங்கதான் முதல்ல அழிக்க வருவாங்க. அதுக்காக வெச்ச பூட்டு."

"நான் பொய் சொல்லலையே சார்."

"பூட்டுக்கு அது தெரியாதே."

"அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்ட முடியாதா?"

"நகல் எடுத்து வெட்டலாம். மூலம் அங்கேயேதான் இருக்கும்."

டிபன் பாக்ஸைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனாள்.

பத்திரிகையிலும் பஸ் ஏறிவிட்ட பேப்பர்க் கட்டைத் திரும்ப இறக்க முடியாது. ஆனால் மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போடலாம். இதற்கு அப்படி ஒரு மூலையும் இல்லை. என் படிவத்தில் கிண்டலுக்குக் கட்டம் கிடையாது. நிபந்தனைகள் சொல்லப்பட்டன, சரி என்று குறித்து அனுப்பினேன்.

டீம் லீடர் வாரா வாரம் தன் இஷ்டத்துக்குச் சில பதிவுகளை எடுத்துக் கேட்பார். அவர் ஹெட்போனைத் தொட்டாலே அவளுக்குப் பேச்சு தடுமாறும். ஒருமுறை பிரீமியத் தொகையை ஒரே ஆளிடம் மூன்று முறை சொன்னாள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வரும்போது காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் பேப்பரைப் படித்து மடித்துவிடுவது என் பழக்கம். அந்த நாட்களில் சத்திரம் பஸ் நிலையம் வந்த பிறகும் முதல் பக்கத்திலேயே இருந்தேன்.

அவர் கை அந்தப் பதிவுக்குப் போகவில்லை. புகார்தான் வந்தது.

திருவெள்ளறை அம்மாவின் மகன் எழுதியிருந்தார். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் செய்யப் போன இடத்தில் பாலிசி செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். உடனே செய்துகொள்ளலாம் என்று உங்கள் ஆள்தான் போனில் சொன்னார் என்பது புகார். நிரூபணமானால் அவளுக்கு வேலை போய்விடும். புகார் வந்ததும் தலைமை அலுவலகம் அந்தப் பதிவுக்கு இரண்டாவது பூட்டும் போட்டது. அதற்குத் தேதியே கிடையாது. அவர்களாக எடுக்கும்வரை இருக்கும்.

அவள் மறுபடி என் மேசைக்கு வந்தாள்.

"சார், அது பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு."

"முழுசாவா?"

"முழுசா."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம்.

கண்ணாடி அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். டீம் லீடர், அவள், நான். மவுஸ் என் கையில். ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது: "முட்டி ஆபரேஷனுக்கு ரெண்டு வருஷத்துக்குப் பணம் கிடையாதும்மா. நல்லாக் கேட்டுக்குங்க." அந்த அம்மாவின் குரல்: "சரி கண்ணு, ரெண்டு வருஷம் கழிச்சுப் பண்ணிக்கிறேன். அதுவரைக்கும் இப்படியே நடக்க வேண்டியதுதான்." அவளுக்குச் சாதகமான வரி அது. அந்த அம்மாவுக்குப் பணம் கிடைக்காது என்பதும் அதே வரிதான்.

போன் வைக்கும் சத்தம் கேட்டது. நிறுத்துவதற்கு நான் மவுஸை நகர்த்தினேன்.

"ஓடட்டும் சார். புகார்னா முழுசாக் கேக்கணும்ல" என்றார் டீம் லீடர்.

ஓடியது. ஜி, எஸ் ஜி, முடிச்சிடலாம் ஜி. அவள் தரையைப் பார்த்தாள். அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். சிரிப்பு அடங்கி, பதிவு நின்றது.

அப்போது அவர் போன் அடித்தது. தலைமை அலுவலகம், புகார் என்ன ஆயிற்று என்று கேட்க. அவர் உடல் நாற்காலியை விட்டுக் கொஞ்சம் எழுந்தது. பாதியில் நின்றது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார்.

"கிளியரா சொல்லியிருக்காங்க ஜி. நம்ம பக்கம் தப்பில்ல ஜி. நல்லா பேசுற பொண்ணு ஜி."

போனை வைத்துவிட்டு அவளிடம், "போய் வேலையைப் பாரும்மா. இனிமே காலைக் கட் பண்ணிட்டுப் பேசு" என்றார்.

அன்று மாலை நான் கிளம்பும்போது என் மேசைக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்தார்.

"சார், அது மேல ஆடிட்டுக்குப் போகும். ஹெட் ஆபீஸ்ல எல்லாரும் கேப்பாங்க. அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்ட முடியாதா?"

"நகல்ல வெட்டலாம் சார். மூலத்துல முடியாது. இப்ப ரெண்டு பூட்டு வேற."

"அட்மின்கிட்ட சொன்னா?"

"அவராலயும் முடியாது."

போகத் திரும்பினார். பிறகு, "என் குரல் அப்படியா இருக்கு?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

மாதக் கடைசியில் அவள் தாளில் கையெழுத்துப் போட்டார். அவள் இப்போது ஒவ்வொரு கால் முடிந்ததும் சிவப்புப் பட்டனை அழுத்துகிறாள். கட் ஆகிவிட்டதா என்று பார்த்துவிட்டு இன்னொரு முறையும் அழுத்துகிறாள். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் டீம் லீடர் மாடிப்படி வராந்தாவுக்குப் போய்விடுகிறார். என் இடத்திலிருந்து கண்ணாடி வழியாகத் தெரியும். நின்றுகொண்டுதான் பேசுகிறார். ஆனால் வராந்தாவில் நாற்காலி கிடையாது.