விசிட் நாள் பிரசவம்

சுகாதார நிலையத்தில் ஆயா வேலை பார்க்கிறவளை ஊரே 'விசிட் ஆயா' என்றுதான் கூப்பிடும். கட்டடம் நிற்கிற இடம் ஒரு காலத்தில் அவள் புருஷனுடைய நிலம். அவன் போன பிறகு அதிகாரிகள் வந்து நிலத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். காலையில் பூட்டைத் திறப்பாள், பெருக்குவாள், சாயங்காலம் பூட்டுவாள். டாக்டர் என்று யாரும் இன்னும் போடப்படவில்லை. நர்ஸ் எப்போதாவது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவாள்.

கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தது கடலுக்கு அப்பால் உள்ள ஒரு பணக்கார நாடு. சுவரும் கூரையும் நாங்கள் தருகிறோம், ஆளும் மருந்தும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒப்பந்தமாம். போட்டுக்கொள்கிறோம் என்று நம் அரசாங்கமும் தலையாட்டியது. இன்றுவரை ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறது. வாசலில் இரண்டு நாட்டுக் கொடிகளையும் செதுக்கிய பளிங்குக் கல் ஒன்று இருந்தது. உள்ளே ஒட்டடை தொங்கினாலும் பரவாயில்லை, அந்தக் கல்லில் மட்டும் தூசி இருக்கக் கூடாது என்பது சுகாதார அதிகாரியின் கண்டிப்பான உத்தரவு.

அந்த நாட்டுக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றால் மட்டும் கட்டடத்துக்கு உயிர் வரும். டவுன் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து லாரி வந்து நிற்கும். பிரசவக் கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர், ஜெனரேட்டர், ரத்தம் வைக்கிற குளிர்ப்பெட்டி என்று ஒவ்வொன்றாக இறங்கும். பின்னாலேயே ஒரு வேனில் டாக்டரம்மாவும் நர்ஸுகளும். வாசலில் ஒரு ஆம்புலன்ஸ். விருந்தாளிகள் சுற்றிப் பார்த்து, சிரித்து, படம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். அவர்கள் கார் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் எல்லாம் திரும்ப லாரியில் ஏறிவிடும்.

இதில் ஆயாவின் பொறுப்பு தொட்டில். வெறும் தொட்டில் படத்தில் நன்றாக இருக்காதே! தெருவில் போய் எவளிடமாவது கெஞ்சி ஒரு குழந்தையைக் கேட்டு வாங்கி வருவாள். எந்தக் குழந்தை புது முகத்தைக் கண்டால் அழாது என்பது அவளுக்கு அத்துப்படி. ராசியான பிள்ளை என்று ஒரே பயலை விசிட்டுக்கு விசிட் போட்டுப் போட்டு, கடைசியில் அவன் கால் தொட்டிலுக்கு வெளியே தொங்கியது. 'நல்ல வளர்த்தி' என்று வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். ஊர் சிரித்தது. ஆயாவும் சிரித்தாள். ஒருமுறை ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமை பிடிபடாது.

அவளுக்கு ஒரே மகள். மகளின் முதல் குழந்தை டவுனுக்குப் போகிற வழியில், காய்கறி வேனின் பின்பக்கத்தில் பிறந்தது. பிறந்தது என்று சொல்வதும் பேச்சுக்குத்தான், உயிர் இல்லை. அந்தப் பாதையின் குண்டு குழிகளை ஆயா ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள். மகள் மறுபடி உண்டானபோது, அடுத்தது டாக்டர் பக்கத்தில் இருக்கிற இடத்தில்தான் பிறக்க வேண்டும் என்று டவுனில் சொல்லி அனுப்பினார்கள். ரத்த அழுத்தம் வேறு ஏறியிருந்தது.

மருமகன் விவரமானவன். "அத்தை, முன்கூட்டியே கூட்டிட்டுப் போயிடறேன். எங்க அக்கா வீடு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்லதான இருக்கு?" என்றான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சேதி வந்தது. இந்த முறை வரப்போவது தூதரே. மகளுக்கு நாள் குறித்திருந்ததும் அதே வாரம். ஆயாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

"அட, இந்தத் தடவ கடன் வாங்க வேண்டாம், சொந்தப் பேரனே வரப்போறானா! தூதர் கையாலயே தொட்டில்ல போடச் சொல்லிடுவோம். டாக்டர நாலு நாள் முன்னாடியே வரவெச்சிடறேம்மா, கவலய விடு."

வீட்டுக்கு வந்து மருமகனை ஒரு பிடி பிடித்தாள். "அங்க வராண்டாவுல ஒரே பாயில ரெண்டு பேரப் படுக்க வெப்பாங்க மாப்பிள்ள. இங்க மகாராணி மாதிரி பாத்துப்பாங்க. எனக்குத் தெரியாததா?"

"அம்மா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றாள் மகள். அவன் அக்காவுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

சொன்னபடி லாரி வந்தது. டாக்டரம்மா மகளைக் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்து, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றார். மகள் அந்தக் கட்டிலை அழுத்திப் பார்த்து, "எவ்ளோ மெத்துனு இருக்கும்மா" என்று சிரித்தாள்.

உலக நாடுகளெல்லாம் கூடுகிற சபையில் அந்த வாரம் ஒரு ஓட்டெடுப்பு. எங்கோ இருக்கும் இரண்டு நாடுகளுக்குள் சண்டை. நம் நாடு எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. கட்டடம் கொடுத்த நாட்டுக்கு அது பொறுக்கவில்லை. தூதரின் பயணம் ஒத்திவைக்கப்பட்டது. நாம் யாருக்கும் தலை வணங்காதவர்கள் என்று கடைத்தெருவில் ஆண்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள். சுகாதார நிலையத்திலோ ஜெனரேட்டரை அணைத்தார்கள். டாக்டரம்மாவை உடனே வரச்சொல்லி அழைப்பு வர, வேன் போனது. ஆம்புலன்ஸும் போனது. லாரியில் சாமான் ஏற ஆரம்பித்தது.

"சார், என் பொண்ணு சார்" என்று ஆயா அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"ஒத்திவெப்புதாம்மா, ரத்து இல்ல. மேல பேசிட்டுதான் இருக்காங்க. ரெண்டு நாள்ல எல்லாம் திரும்ப வந்துடும், பாரேன்."

லாரி டிரைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "அக்கா, இவர் பேச்ச நம்பாதீங்க. பொண்ண முன் சீட்ல உக்கார வைங்க. நான் பைய ஓட்டிட்டுப் போயிடறேன்."

ஆயாவுக்கு அந்தக் காய்கறி வேன் ஞாபகம் வந்தது. அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள். எத்தனை விசிட்டை இருவரும் ஒன்றாக நடத்தியிருக்கிறார்கள்! "வேணாம்பா. அவர் சொன்னா செய்வார்" என்றாள். பாவி, அப்படித்தான் சொன்னாள்.

மறுநாள் பட்டப்பகலில் வலி கண்டது. மருமகன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். சமாதானம் பேச அமைச்சர் வெளிநாடு கிளம்புகிறாராம், வண்டி பாதுகாப்புக்காக விமான நிலையத்தில் நிற்கிறதாம், வர முடியாதாம். கட்டில் இருந்த இடத்தில் ஒரு பாயை விரித்தார்கள். மகளுக்கு வலிப்பு வந்தது. ஆயாவுக்குத் தெரிந்ததெல்லாம் பெருக்கத்தான். மகள் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ, பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை. தொட்டிலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தான்.

அதற்குப் பிறகு மகள் அம்மாவோடு பேசவில்லை. ஒரே வீடுதான். தட்டை முன்னால் வைத்தால் சாப்பிடுவாள், எழுந்து போவாள். திட்டினாலாவது தேவலை என்று ஆயா ஏங்கினாள்.

கொஞ்ச காலத்தில் நம் நாடும் கட்டடம் கொடுத்த நாடும் ராசியாகிவிட்டன. லாரி வந்தது. அதே கட்டில், அதே குளிர்ப்பெட்டி. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, பேரன் எங்க?"

"இல்ல சார்" என்றாள்.

அவர் கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்கினார். "அடடா" என்றார். பிறகு, "சரி, கார் வந்துட்டிருக்கு. யார் கொழந்தையாவது வாங்கிட்டு வாம்மா, சீக்கிரம்."

அந்த மனுஷனின் கன்னத்தில் அவள் ஒன்று விட்டிருக்கலாம். சாவியை அவர் மூஞ்சியில் வீசியிருக்கலாம். ஆனால் நிலம் போய்விட்டது, வீட்டு அடுப்பு எரிவது இந்த வேலையில்தான். தெருவுக்குப் போனாள். மூன்றாவது வீட்டில் ஒருத்தி மறுபேச்சில்லாமல் குழந்தையைக் கொடுத்தாள். தூதர் அதைத் தொட்டிலில் போட்டு ஆட்டினார். இங்கே பிறந்ததா என்று கேட்டார். "இந்த அம்மாவோட பேரன்தான்" என்று அதிகாரி முந்திக்கொண்டு சொன்னார். தூதர் ஆயாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேமராக்கள் மின்னின. பழகிய முகம், தானாகச் சிரித்தது.

சாயங்காலம் கட்டடத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். லாரி போனதைப் பார்த்திருப்பாள். இவள் செருப்பைக் கழற்றும்வரை பொறுத்திருந்துவிட்டு, இத்தனை நாளைக்குப் பிறகு முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"தொட்டில்ல யார் கொழந்தம்மா போட்ட?"