மூன்று கால் கதிரையின் பாஸ்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், கதிரை செய்யும் கலைஞர் ஒருவரிடம் மூன்று வருடம் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்தேன். கதிரை செய்யும் கலைஞர் என்பது அவர் தன்னைப் பற்றிச் சொன்னது. எனக்குத் தெரிந்து அவர் கையால் செய்தது பென்சில் சீவியது மட்டுந்தான். அதிலும் பாதி முறிந்துவிடும்.

பத்து வயதில் லண்டன் போனவர், தலை நரைக்கத் தொடங்கிய பிறகு திரும்பி வந்திருந்தார். சனமெல்லாம் விசாவுக்கு வரிசையில் நின்ற யுத்த காலத்தில் தான் இங்கே வந்ததே பெரிய தியாகம் என்று அவருக்கு நினைப்பு. வந்தவர் ஒரு கதிரை வரைந்தார். மூன்றே மூன்று கால். முதுகுக்கு ஒரு வளைந்த பலகை, அதுவும் மனிதருக்கு முதுகு இருக்கும் இடத்தில் இல்லை. வரைந்தபடி செய்தால் ஆள் இருந்ததும் பின்பக்கம் குடைசாயும். ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் தச்சர்தான் பின்காலை நாலு விரல் தள்ளிவைத்து அதை நிற்கவைத்தார். பொருத்துகளின் அடியில் அடையாளத்துக்குப் பென்சிலால் அ, ஆ என்று எழுதுவது அவர் வழக்கம். மேலே, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், கலைஞரின் கையெழுத்து.

கொழும்பில் தச்சரைச் சிங்களவரும் சரி தமிழரும் சரி ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் “பாஸ், தேத்தண்ணி!” என்று குரல் கொடுப்பேன். ஒவ்வொரு முறையும் கலைஞர் திரும்பி, பெருந்தன்மையாகத் தலையசைப்பார். இங்கிலீஷில் ‘பொஸ்’, அதாவது முதலாளி, என்று தன்னைத்தான் மரியாதையாகக் கூப்பிடுகிறேன் என்று விளங்கிக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக நான் திருத்தவில்லை. தச்சரும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கம்.

ஒருநாள் காலை வெளிநாட்டுச் சஞ்சிகைக்காரி ஒருத்தி பேட்டிக்கு வந்திருந்தாள். தச்சர் இன்னும் வரவில்லை. “முழுக்க இந்த இரண்டு கையாலதான்” என்று இவர் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. பொலிஸ். வெள்ளவத்தை ஸ்டேஷனிலிருந்து முதலாளியைக் கேட்டார்கள், கொடுத்தேன். தனக்குத் தெரிந்த நாலு வார்த்தைச் சிங்களத்தில் இவர் சொன்னது என் காதில் விழுந்தது: “மம தமை பொஸ். வென கவுருத் நே.” நான்தான் பொஸ், வேறு ஒருவரும் இல்லை.

“இங்க ஒரு பொஸ் இருக்கிறாரா எண்டு கேக்கிறாங்கள், ஃபன்னி பீப்பிள்” என்று சிரித்தபடி வைத்தார்.

அவர்கள் கேட்டது பொஸ்ஸை அல்ல, இன்னும் வந்துசேராத எங்கள் பாஸை. உளிப்பெட்டியோடு சோதனைச் சாவடியில் பிடிபட்ட மனிதர், இங்கே வேலை செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இவர் அவரைப் பொய்யராக்கிவிட்டார். அப்படிப் பிடிபட்டுப் போன தமிழர் எத்தனையோ பேர் வருடக்கணக்காகத் திரும்பவில்லை.

இவரை உள்ளே கூப்பிட்டு விளக்கினேன். “ஒருக்கா ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோ சேர்.”

“பேட்டி எடுக்கிறவ இருக்கேக்க எப்படிச் சொல்றது? நாளைக்குப் பாப்பம்.”

நாளைக்காம்! வாசலில் காட்சிக்கு வைத்திருந்த கதிரையைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினேன். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். என்னையும் பிடித்துவைக்க அதுவே போதும்; இருந்தும் பொலிஸில் நீட்டினேன். கதிரையைக் கவிழ்த்து, பென்சில் எழுத்துகளை இன்ஸ்பெக்டருக்குக் காட்டினேன். அவர் தச்சரைக் கொண்டுவரச் செய்து, ஒரு கடதாசி கொடுத்து அதையே எழுதச் சொன்னார். அதே வளைவு, அதே சுழி. தச்சரின் ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

“இதில ஆள் எப்படி இருக்கிறது?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“இருக்கிறதுக்கு இல்ல சேர், பாக்கிறதுக்கு” என்றார் தச்சர். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். பின்னேரம் விட்டார்கள்.

கதிரையோடு நான் திரும்பியபோது கலைஞர் ஓடிவந்தார். அதைத் தடவித் தடவிப் பார்த்தார். “கீறல் ஏதும் பட்டதா?” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் தச்சர் வீங்கிய கன்னத்தோடு வேலைக்கு வந்தார். தேநீர் ஊற்றிவிட்டு, “பாஸ்!” என்று கூப்பிட்டேன். கலைஞர் வழமைபோலத் திரும்பித் தலையசைத்தார்.

“உங்களை இல்லை சேர்” என்றேன். “கதிரை செய்யிறவரைக் கூப்பிட்டனான்.”