அதிகாரி குதித்த தாள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் வேலை. வேலை என்றால், நிலத்தடி அறையில் மெதுவாகச் சுற்றும் உருளையையும், அதன் தாளில் கோடு போடும் முள்ளையும் பார்த்துக்கொண்டிருப்பது. உலகத்தின் மறுகோடியில் பூமி ஆடினாலும் அத்தானுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் கட்டில் கால் ஆடுவது மட்டும் மூன்று வருடமாகத் தெரியவில்லை என்பாள் அக்கா.

இருபத்திரண்டு வருடத்தில் பக்கத்தில் ஒரு நடுக்கம்கூட வரவில்லை. ஊருக்கு அது நல்லது, அத்தானுக்கு அவமானம். "அடியில பாறைங்க ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டு நிக்குது மச்சான். என்னைக்காவது ஒருநாள் வழுக்கும் பாரு" என்பார், ஏதோ கல்யாணத் தேதி குறித்துவிட்டவர்போல.

மேலிடத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. நிலையத்தை மூடிவிடலாமா என்று பார்க்க மேலதிகாரி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும் கருவிக்குப் பக்கத்தில் நின்று ஒரு குதி குதிப்பார்கள், முள் துள்ளும், சிரிப்பார்கள். அத்தான் அந்த இடத்தில் பென்சிலால் 'குதிப்பு' என்று குறித்து வைப்பார். மேலதிகாரி சும்மா இருப்பாரா? பதினொன்றே காலுக்கு, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு குதித்தார். முள் லேசாகத் துள்ளி அடங்கியது. அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அது மறுபடி துடித்தது. ஆறு வினாடி கழித்துத் தாளின் அகலத்துக்கே ஆடித் தீர்த்தது. நிலத்தடிப் பாறைமேல் நின்றதால் காலுக்கு எதுவும் தெரியவில்லை; கூட வந்த இருவரும் கைதட்டினார்கள்.

அத்தான் தாளின் மேல் குனிந்து கணக்குப் போட்டார். குதித்தால் ஒரே வெட்டுதான் விழும். நிலநடுக்கம் இரண்டு தவணையாக வரும்: வேகமான அலை முதலில், பலமான அலை பின்னால். இடையில் ஆறு வினாடி. எட்டால் பெருக்கினால், நடுக்கம் வந்த இடம் ஏறக்குறைய நாற்பத்தெட்டு கிலோமீட்டர் தொலைவு.

"சார், இது நீங்க இல்ல சார்."

"பின்ன, நீங்களா குதிச்சீங்க?"

தாளைக் கழற்றச் சொல்லி, அடியில் 'நான் குதித்தபோது' என்று எழுதிக் கொண்டுபோனார் அந்த மனிதர். கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியும்விட்டார். கருவி நன்றாக இருக்கிறது, பதிவு செய்யத்தான் இங்கே எதுவுமில்லை, மூடலாம் என்று அறிக்கை போனது.

அன்று மாலை அக்கா கேட்டாள். "பதினொண்ணே காலுக்கு அலமாரில டம்ளர் எல்லாம் கடகடன்னு ஆடிச்சே, பாத்தீங்களா?" அத்தான் அந்த ஆடுகிற கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மறுவாரம் ஒரு கடிதம். சுற்றியுள்ள மூன்று நிலையங்களில் நடுக்கம் பதிவாகியிருக்கிறது, உங்கள் நிலையத்தில் மட்டும் ஏன் இல்லை, விளக்கம் தரவும். கையெழுத்து, அதே மேலதிகாரி!

அத்தான் பணிவாகப் பதில் எழுதினார்: 'பதிவாகியுள்ளது. தாள், தங்கள் நாற்காலிக்குப் பின்னால் உள்ளது.' நகலைத் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பினார்.

நிலையத்தை மூடவில்லை. தாளும் திரும்பி வந்தது, கண்ணாடி நொறுங்கி. அத்தான் சில்லுகளைத் தட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பென்சிலை எடுத்தார். முதலில் விழுந்திருந்த அந்தச் சின்னத் துள்ளலுக்குப் பக்கத்தில் 'மேலதிகாரி' என்று குறித்தார். பெரியதற்குப் பக்கத்தில், 'பூமி'.