பதினொரு பெயர்களைச் சொன்ன நாள்

தாராவியில் ஒற்றைத் தையல் மெஷினோடு தொடங்கி, தோல்பைப் பட்டறை, மாடி வீடு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் வேலை என்று அத்தனையையும் உண்டாக்கியவன் நான். படித்தது மூன்றாம் வகுப்பு.

பக்கத்துக் கிடங்குக் காவலாளி கொலையில் என் மகனைப் பிடித்தார்கள். கத்தியில் இருந்த டிஎன்ஏ அவனோடு பொருந்துகிறதாம். வேறொருவனுக்கு அப்படிப் பொருந்துவது பல ஆயிரத்தில் ஒன்று என்றார்கள். நான் நம்பிவிட்டேன். ஜெயிலில் போய், "செஞ்சிருந்தா ஒத்துக்கிடுலே" என்று அழுதேன்.

"வாப்பா, நீங்களுமா?" என்றான்.

மகனுக்காக நான் வைத்த மாட்டுங்கா வக்கீலம்மா டிஎன்ஏ அறிக்கையைப் படித்துவிட்டுக் கேட்டார்: "பாய், இது தகப்பன் வழிய மட்டும் பாக்கற டெஸ்ட். ஒரே தாத்தாவோட மகன் வழிப் பேரன்களுக்கெல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். உங்க பட்டறையில அப்படிப் பசங்க யாராவது இருக்காளா?"

"பதினொரு பேரும்மா! எல்லாம் எங்க அண்ணன் தம்பி மக்க. ஒவ்வொருத்தனையும் நாந்தான் டிக்கெட் எடுத்துக் கூட்டியாந்தேன்."

பெருமையாகச் சொன்ன பிறகுதான் உறைத்தது. மகனைக் காப்பாற்ற அந்தப் பதினொரு பேரையும் சந்தேகத்தில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பெயராகச் சொன்னேன்.

மகனுக்கு ஜாமீன் கிடைத்தது. அண்ணன் தம்பிகள் என் வாசலை மிதிப்பதில்லை. எல்லோரும் வக்கீலம்மாவைத்தான் புகழ்கிறார்கள். அவர் கேட்டார், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகளைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தவனும் நான், காட்டிக்கொடுத்தவனும் நான். இரண்டையும் என் பெயரிலேயே எழுதுங்கள்.